ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கம்?

ஒர்க்ஷாப்காரருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. ஆயில் டப்பாவைத் திறந்தால், விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார். வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரைக்கூட வேறு வழியில்லாமல்தான் வாங்கி வைத்திருந்தார். அன்றைக்கு வந்த கார் உதறியது. ஒன்றாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று ஸ்கேனர் குறியீடு காட்டியது. பெல்ட் பக்கமிருந்து முதல் சிலிண்டரில், தீப்பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் காயிலைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார். பழைய குறியீட்டை அழித்துவிட்டுக் கிளப்பினால், அதே உதறல், அதே குறியீடு.

காயிலை விற்றது அவருடைய தங்கை புருஷன். அது போதாதா? கழற்றி எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போய், நாலு பேர் நிற்கையில் மேஜைமேல் போட்டார்.

“மாப்பிள்ளை, சொந்தக்காரன் தலையிலயே டூப்ளிகேட்டைக் கட்டிட்டீங்களே!”

கடைக்காரர் வாய் திறக்குமுன் கல்லாவில் உட்கார்ந்திருந்த தங்கை முந்திக்கொண்டாள்.

“அண்ணே, சரக்கு கெட்டதுன்னு நிரூபிச்சுட்டுப் பேசு. இல்லேன்னா உன் வீட்டு வாசல்ல இனி நான் கால் வைக்க மாட்டேன்.”

“நிரூபிக்கிறேன்டி!”

சொல்லிவிட்டு வந்தாரே தவிர மனசு கேட்கவில்லை. கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். பிடிவாதத்தில் அவள் அவருக்கு அக்காள்.

புதுக் காயிலை இரண்டாம் இடத்தில் மாட்டி, அங்கிருந்ததை முதல் இடத்துக்கு மாற்றினார். காயில் கெட்டதென்றால் குறியீடும் அதன் கூடவே இரண்டுக்குப் போக வேண்டும். போகவில்லை. ஒன்று என்றே நின்றது. மெஷினும் மாப்பிள்ளை கட்சிதான் என்று திட்டினார்.

அப்புறம்தான் பழைய வழியில் இறங்கினார். என்ஜின் ஓடும்போதே காயில்களின் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். வேலை செய்கிற சிலிண்டரில் கழற்றினால் என்ஜின் இன்னும் தள்ளாடும். செத்துக்கிடப்பதில் கழற்றினால் ஒன்றும் ஆகாது. முதலாவதில் தள்ளாடியது. இரண்டு, மூன்றிலும் அப்படியே. கியர்பாக்ஸை ஒட்டியிருந்த கடைசியைக் கழற்றினார். என்ஜின் சட்டையே செய்யவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த என்ஜினுக்கு எண்ணிக்கையே அந்தப் பக்கமிருந்துதான். எவனையும் நம்பாதவர், தான் எண்ணியதை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை.

புதுக் காயில் அங்கே போனதும் உதறல் நின்றது. தங்கைக்குப் போன் போட்டார்.

“காயில் நல்லாத்தான் இருக்கு. நான்தான்…”

“நாலு பேர் முன்னாடிதானே கத்துன? இப்ப மட்டும் போன்ல என்ன கிசுகிசு?”

கையைக்கூடத் துடைக்காமல் போனார். முன்பு நின்றவர்களில் ஒருவர்தான் மிச்சம். ஊரெல்லாம் பரப்ப அந்த ஒரு வாயே போதும்.

“தப்பு என்னுது. எதிர்ப் பக்கமிருந்து எண்ணிட்டேன். மாப்பிள்ளை சரக்குல ஒரு குறையும் இல்ல.”

கடைக்காரர் நிமிரவில்லை. “கியர்பாக்ஸ் பக்கமிருந்து எண்ணணும்னு வாங்குறப்பவே சொன்னேனே மச்சான்.”

“சொன்னீங்க. விக்கிறவன் பேச்சுதானேன்னு விட்டுட்டேன்.”

“இனிமேலாவது இவரை நம்புவியா?” என்றாள் தங்கை.

அவர் யோசித்தார். ஒப்புக்கு ‘நம்புறேன்’ என்று சொல்ல மனசு வரவில்லை.

“சரக்கை நம்புறேன். ஆளை இன்னும் கொஞ்சம் பாக்கணும்.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். தங்கை சிரிக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை வர்றோம். அண்ணிகிட்டச் சொல்லிடு.”