பாஞ்சாலி தேய்த்த தொட்டி

ஆற்று மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் போகாத அழுக்கு உலகத்தில் கிடையாது என்றுதான் பாஞ்சாலி அன்றுவரை நினைத்திருந்தாள்.

ஒகேனக்கல்லில் கோவிந்தன் நடத்திய மீன் சாப்பாட்டுக் கடையில் அவளுக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை. அண்டா, வாணலி, குழம்பு காய்ந்து கருகின சட்டி, எது வந்தாலும் ஒரு கை மணலை அள்ளிப் போட்டுத் தேங்காய் நாரால் அழுத்தினால் பளபளவென்று ஆகிவிடும். அதனால், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த மீன்தொட்டியில் பாசி ஏறியபோது அவள் யோசிக்கவே இல்லை. "நல்லாத் தேய்ச்சு வை, ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டம் வரும்" என்று சொல்லிவிட்டுக் கோவிந்தன் மீன் வாங்கப் பரிசல் துறைக்குப் போனான். அவள் மீன்களை அண்டாவுக்கு மாற்றினாள். வீட்டில் அரிக்கேன் விளக்கின் சிம்னியைச் சாம்பல் போட்டுத்தான் துடைப்பாள். அதையே இதற்கும் போட்டாள். பாசி அசையவில்லை. மணலைப் போட்டாள். பாசி போயிற்று. உள்ளே தேய்த்த கையோடு வெளியேயும் ஒரு சுற்று தேய்த்தாள்.

தொட்டி காய்ந்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. முன்பக்கம் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். தண்ணீர் ஊற்றி மீனை விட்டுப் பார்த்தாள். மார்கழிப் பனியில் வருகிற பஸ் மாதிரி மீன் மங்கலாக வந்து மங்கலாகப் போயிற்று.

கோவிந்தன் வந்தான். கூடையைக் கீழே வைத்தான்.

"அடிப் பாவி! இது என்னா உங்கூட்டுச் சோத்துச் சட்டியா? பெங்களூருல லாட்ஜ் ஒண்ண இடிக்கிறப்போ வாங்கி, வைக்கோலு சுத்தி பஸ்ஸு மேல போட்டு எடுத்தாந்தேன்!"

"நீங்கதானேண்ணா தேய்க்கச் சொன்னீங்க. கண்ணாடிக்குச் சாம்பல் போடாம சந்தனமா போடுவாங்க?"

"வாய் வேறயா? கேட்டுக்க. ஆடிப் பதினெட்டுக்குள்ள இது பழையபடி ஆவணும். இல்லன்னா நீ உங்க கல்லு ஒடைக்கிற எடத்துக்கே கெளம்பிடு."

கோவிந்தன் கோபத்தில் ஆயிரம் சொல்வான். ஆனால் இதைச் செய்யக்கூடியவன்தான். வருகிறவர்கள் தொட்டிக்கு முன்னால் நின்று, "அந்தப் பெரிசு" என்று விரலை நீட்டுவார்கள். அது வறுவலாகித் தட்டுக்கு வரும். பக்கத்துக் கடைகளில் இல்லாத அந்த வேடிக்கைக்காகத்தான் கூட்டம் இவன் கடைக்கு வந்தது.

இங்கே வருவதற்கு முன் பாஞ்சாலி பாலக்கோடு பக்கம் ஜல்லி உடைத்தாள். வெயிலில் கல்லும் சுடும், சுத்தியலும் சுடும். மூக்குச் சிந்தினால் சாம்பல் நிறத்தில் வரும். புருஷன் பச்சியப்பன் இன்னும் அங்கேதான் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தான். அங்கே இருந்தவரை அவன் இருமலைக் கேட்டுக்கொண்டுதான் அவள் தூங்குவாள். தான் இங்கே கால் ஊன்றிவிட்டால் அவனையும் ஒரு நாள் அந்தத் தூசியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். திரும்பப் போவது என்றால் இரண்டு பேரும் அங்கேயே இருமிச் சாக வேண்டியதுதான்.

மறுநாள் தொட்டியின் மூடியைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு பென்னாகரத்துக்கு பஸ் ஏறினாள். தொட்டியைப் போலவே கண்ணாடியாகத் தெரிந்த அந்த மூடியையும் அவள் மணல் போட்டுத்தான் தேய்த்திருந்தாள். போட்டோவுக்குச் சட்டம் போடுகிற கடைக்காரன் பார்த்துவிட்டு, "கண்ணாடியில வுழுந்த கீறல் போவாதும்மா, வேற மாத்திக்க" என்று திருப்பிக் கொடுத்தான்.

பக்கத்தில் ஒரு பெட்டி மாதிரி கடை. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு கடிகாரம் பழுதுபார்க்கும் அப்துல் சுபான் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அத இங்க குடு. என்னா, புலி கூட சண்ட போட்டியா?"

"மணலு போட்டுத் தேய்ச்சிட்டேன் பாய்."

அவர் மூடியை நகத்தால் தட்டினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "இது கண்ணாடியே இல்ல. கண்ணாடி ஜில்லுனு இருக்கும். இது பிளாஸ்டிக்கு. கைக்கடிகாரத்து மேல போடறோமே, அந்த ஜாதி."

"பெங்களூர் கண்ணாடின்னு எங்க மொதலாளி ஊரெல்லாம் சொல்றாருங்களே?"

"அவரு சொன்னா ஆயிருமா? கண்ணாடியா இருந்தா நானும் போன்னு சொல்லியிருப்பேன். இது பிளாஸ்டிக்கு, அதனால பொழச்ச."

அவர் ஒரு பழைய வாட்ச் மேல்மூடியை எடுத்துத் தேய்த்துக் காட்டினார். முதலில் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளில் முரடானது, தண்ணீர் தொட்டு, ஒரே வாக்கில். அப்புறம் அதைவிட நைசானது, குறுக்கு வாக்கில். முந்தின கோடு ஒன்றுகூட இல்லை என்று ஆகிறவரை. அப்புறம் மாவு மாதிரி இருக்கிற பேப்பர். கடைசியில் பித்தளைக்குப் போடுகிற பாலிஷ், பழைய பனியன் துணி.

"நடுவுல பால் மாதிரி வெளுத்துப் போவும். பயந்துகினு நிறுத்திடாத. வெளிப்பக்கம் மட்டும் பண்ணு. உள்ள இருக்கறது தண்ணி ஊத்துனா பாதி மறஞ்சிரும். பாலிஷ் ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா மீனு வவுத்தக் காட்டிக்கினு மெதக்கும், ஆமா."

கடைக்கு வந்ததும் பாஞ்சாலி நேராகக் கல்லாவுக்குப் போனாள். "ண்ணா, இது கண்ணாடி இல்லியாம். பிளாஸ்டிக்காம்."

கோவிந்தன் சட்டென்று சாப்பிடுகிறவர்கள் பக்கம் பார்த்தான். "மெதுவாப் பேசுடி."

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். பிளாஸ்டிக்குன்னு சொன்னா எவன் மதிப்பான்?"

"எங்கிட்டயாவது சொல்லியிருந்தா நான் மண்ணைப் போட்டிருப்பனா?"

வேண்டிய சாமான்களை அவள் சொல்ல, அவன் கேட்டுக்கொண்டான். அன்று மாலையே பேப்பரும் பாலிஷும் ஆள் விட்டு வாங்கி வரச் செய்தான். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு, இரவுச் சமையல் தொடங்கும்வரை, அந்த நேரம் பாஞ்சாலியுடையது. மீன்கள் மறுபடி அண்டாவுக்குப் போயின. தொட்டியைக் கடைக்குப் பின்னால் சாய்த்து வைத்து, குடத்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தேய்த்தாள். பாய் சொன்னது போலவே முன்பக்கம் வெளுத்தது. டீ குடிக்க வந்த பரிசல்காரன் முனியப்பன் எட்டிப் பார்த்தான்.

"என்னா பாஞ்சாலி, டூரிங் டாக்கீஸு திரை மாதிரி பண்ணிட்ட? படம் எப்போ?"

"ஆடிப் பதினெட்டுக்கு ரிலீஸு. டிக்கெட்டு வாங்கிக்கினு வா."

சிரித்துச் சொன்னாளே தவிர, பாய் சொன்னது பலிக்குமா என்று அவளுக்கே தெரியவில்லை. கோவிந்தன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். "கீறலோட இருந்தாலாவது மீனு கொஞ்சம் தெரிஞ்சுது!"

"இப்ப நிறுத்துனா இப்டியேதான் நிக்கும். முடிக்க வுட்டா தெளியும். எது வேணும், சொல்லுங்க."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

நைசான பேப்பருக்கு வந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. தேய்க்கத் தேய்க்கப் பழைய கோடு மறைந்தது; புதுக் கோடு முளைத்தது. நீள நீளமாக, ஒற்றை ஒற்றையாக. முரட்டுப் பேப்பருக்குத் திரும்பிப் போய் மறுபடி வந்தாள். மறுபடியும் கோடு. மறுநாளும் அதே கதைதான். பேப்பர் மோசம் என்று நினைத்தாள். பாய் எதையோ சொல்லாமல் விட்டுவிட்டார் என்று நினைத்தாள். தன் கைக்கே தேய்த்துக் கெடுக்கத்தான் தெரியும் போலிருக்கிறது என்றும் நினைத்தாள். தோள்பட்டை ஜல்லி உடைத்த நாட்களைப் போல வலித்தது.

தாகத்துக்கு, காலையில் ஆற்றில் மொண்டு வைத்த குடத்தைச் சாய்த்தாள். அடித்தண்ணீர் செம்பில் விழுந்தது. குடித்தபோது பல்லில் நறநறத்தது.

துப்பிவிட்டுக் குடத்துக்குள் கையை விட்டாள். அடியில் செம்மண் கூழாகப் படிந்திருந்தது. இரண்டு விரலில் எடுத்து நசுக்கினாள். நறுக், நறுக்.

ஆடி மாதம், காவிரியில் புதுத் தண்ணீர் செந்நிறமாக இறங்கிக்கொண்டிருந்தது. மணலை விட்டுவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, ஆறு அதைக் கரைத்துக் கொண்டுவந்து குடத்தில் போட்டிருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். தொட்டியைத் துடைக்கிற துணியை அலசினதும் அதில்தான்.

"தூ, இதுக்கா ரெண்டு நாளு மாரடிச்சேன்!" என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டு குடத்தை இடுப்பில் வைத்தாள். பஸ் நிற்கிற இடத்து அடிபம்பில் தண்ணீர் அடித்து வந்து, வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டினாள். மண் ஒட்டிய பழைய பேப்பர்களைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த புதுசுகளை எடுத்தாள். நகத்துக்குள் இருந்த மண்ணைத் துடைப்பக் குச்சியால் குத்தி எடுத்தாள். ஈர முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். தொட்டியைப் புழுதி பறக்காத சாமான் அறைக்குள் தூக்கி வைத்தாள். பிறகு முதல் பேப்பரிலிருந்து ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை புதுக் கோடு முளைக்கவில்லை. வெளுப்பு மட்டும் இருந்தது. பேப்பர் மாறமாற அதுவும் மெலிந்தது. கடைசியில் பனியன் துணியில் பாலிஷைத் தொட்டு ஒரு மூலையில் வட்டமிட்டாள். துடைத்தாள். அந்த உள்ளங்கை அளவு இடத்தில் பின்னால் இருந்த அரிசி மூட்டையின் தையல்கூடத் தெரிந்தது. அவள் கொஞ்ச நேரம் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழுப்பக்கத்தையும் முடித்தாள்.

ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றங்கரையில் கால் வைக்க இடமில்லை. தருமபுரி, சேலம், மைசூர் என்று எல்லா ஊர்ச் சனமும் முழுகி எழுந்து, பசியோடு கடைக்குள் நுழைந்தது. தொட்டிக்குள் கெண்டைகள் திரும்பும்போது செதில் ஒவ்வொன்றும் மின்னியது. உள்பக்கம், அடியில், ஒரு ஆழக் கீறல் மட்டும் இருந்தது; தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும். ஈரத் தலையோடு வந்த ஓர் ஆள் மீனைத் தொட விரலை நீட்டி, விரல் டொக்கென்று இடிக்க, "அட, கண்ணாடி இருக்குது!" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பெங்களூர் கண்ணாடிங்க" என்றான் கோவிந்தன், கூச்சமே இல்லாமல்.

கூட்டம் வடிந்த பிறகு அவன் பின்பக்கம் வந்தான். மலை மாதிரி பாத்திரம் குவிந்திருந்தது. தொண்டையைச் செருமினான்.

"ஊரு சனத்துக் கை ரேகை பூரா அதுல ஒட்டிக்கினு கெடக்குது. நாளைக்கு வந்து தொடச்சிடு. தெனமும் அது உன் வேலதான்."

கல்லு உடைக்கப் போ என்ற வார்த்தை அத்தோடு செத்தது. பாஞ்சாலி ஒரு மூச்சு விட்டாள். கையில் இருந்த நாரைக் கீழே வைத்தாள்.

"தொடைக்கிறேன். ஆனா மண்ணுல தேய்ச்ச கையோட நான் அதத் தொட மாட்டேன். ஒரு பொடி நகத்துல இருந்தாலும் போச்சு. பாத்திரத்துக்கு வேற ஆளப் பாருங்க. நான் முன்னால எல போட்டு, தொட்டியப் பாத்துக்கிறேன்."

கோவிந்தன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"பெரிய டாக்டரம்மா" என்றான். பிறகு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, அங்கே மீன் வறுக்கிறவளைப் பார்த்துக் கத்தினான்: "காசியம்மா! உன் தங்கச்சி வேல கேட்டாளே, நாளைக்கு வரச் சொல்லு!"