நோரீனுக்கு அறுநூற்றைம்பது போதும்

1

இந்தக் கதை ஒரு விவாகரத்துப் பத்திரத்தின் கடைசி வரியில் எனக்குக் கிடைத்தது. ஒஹையோவில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். இங்கே வீட்டைப் பிரித்துவிடுவார்கள். பழைய காரில்தான் வக்கீல் திணறுவார். நோரீனும் அவள் புருஷன் லைலும் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்: '1969 மாடல் கார். நோரீன் தன் கையால் ட்யூன் செய்து, கால் மைலைப் பதின்மூன்று விநாடிக்குள் ஓட்டினால் அவளுக்கு. இல்லையேல் லைலுக்கு. மூன்று ஓட்டம்.'

இதைக் கதையாக்க நான் எழுதிய முதல் ஆரம்பம்: 'பிரேக் குழாயை யாரோ அறுத்திருந்...' [வேண்டாம். யாரும் அறுக்கவில்லை.]

2

சனிக்கிழமை, பந்தயத் தடம். நோரீன் பள்ளிப் பேருந்து ஷெட்டில் மெக்கானிக். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு விடும் கார்புரேட்டர், லைல் மாட்டிவைத்திருந்தது பெரியது; அதைக் கழற்றிச் சிறியதை மாட்டினாள்.

"எண்ணூத்தம்பதைக் கழட்டிட்டு அறுநூத்தம்பதா? யானைக்கு ஸ்பூன்ல ஊட்டப் போறியா?" என்றான் லைல்.

"எண்ணூத்தம்பது உன் பெருமைக்கு வாங்கினதுய்யா. இந்த இன்ஜினுக்கு இது போதும்."

(ஓரக்குறிப்பு: அந்த எண், கார்புரேட்டர் நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்றை விடும் என்ற கணக்கு. வாய் பெரிதானால் காற்று சோம்பலாக நுழையும், பெட்ரோலை இழுக்காது, மிதித்ததும் வண்டி விக்கும். இது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே பெரியதை மாட்டுவார்கள். பக்கத்து வண்டிக்காரன் பானெட்டைத் திறந்து பார்ப்பானே.)

3

முதல் ஓட்டம் 13.41 விநாடி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் ஒரே கரி, பெட்ரோல் அதிகம். பெட்ரோலை அளந்துவிடும் பித்தளை ஜெட்டை இரண்டு எண் குறைத்தாள். இரண்டாவது ஓட்டம் 13.06. பிளக்கில் கொஞ்சம் கருமை பாக்கி.

இங்கே லைலை வில்லனாக்கப் பார்த்தேன். 'அவள் திரும்பிய நொடியில் லைலின் கை ஜெட் பெட்டிக்குள்...' கதை நகரவில்லை. பெண்டாட்டியை ஏமாற்றியவன்தான், ஆனால் எதிராளியின் கார்புரேட்டரில் கைவைக்கிறவன் இந்தத் தடத்தில் மறுபடி தலைகாட்ட முடியாது. அவன் பிளக்கைத்தான் வாங்கிப் பார்த்தான்.

"இன்னும் ஒரு எண் இறக்கு. ரெண்டு இறக்கினா பெட்ரோல் பத்தாம சூடேறி பிஸ்டன் ஓட்டையாயிடும்."

"ஒண்ணு இறக்கினா பதிமூணுக்குள்ள வருமா?"

"சந்தேகந்தான்."

"வராட்டி உனக்குத்தானே லாபம். ஏன் மூஞ்சியத் தொங்கப் போடறே?"

"ஓட்டை பிஸ்டனோட எனக்கெதுக்கு கார், தாயே?"

நோரீன் ஒரு எண்தான் இறக்கினாள். மிச்ச நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது? கிளம்பும்போது ஒரு கண்ணிமைப்பு வண்டி தயங்கியது அவள் முதுகுக்குத் தெரியும். மிதித்த கணத்தில் பெட்ரோலைப் பீய்ச்சும் மூக்கைக் கழற்றி, ஒரு அளவு பெரியதை முடுக்கினாள்.

"மிச்ச நேரமெல்லாம் அங்கதான் இருக்கு," என்றாள்.

4

முடிவு அ: 12.97. வாரப் பத்திரிகைக்கு இது போதும்.

முடிவு ஆ: 13.01. இதற்கு இலக்கியப் பரிசு கொடுப்பார்கள்.

நடந்தது வரை சொல்கிறேன். பச்சை விளக்கு விழுந்தது. வண்டி தயங்கவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியதும், பிளக்கின் நிறம் மாறிவிடாமலிருக்க இன்ஜினை அணைத்தாள், உருண்டே போய்த் தடத்தோர அறையின் ஜன்னலில் நேரச் சீட்டை வாங்கினாள், பார்க்காமல் சட்டைப்பையில் செருகினாள். பானெட்டைத் திறந்து, கையுறையோடு பிளக்கைக் கழற்றினாள்.

"மொதல்ல சீட்டைப் பாரு, நோரீன்."

"இருய்யா."

பிளக்கின் நுனி இளம்பழுப்பு: பெட்ரோல் கூடவுமில்லை, குறையவுமில்லை. எட்டு பிளக்கிலும் அதே நிறம். லைல் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"என் கையில இப்படி ஒரு தடவைகூட வந்ததில்ல," என்றான்.

இப்போது அவள் சீட்டைப் பிரிக்கிறாள். எண்ணை நான் எழுதப்போவதில்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பழுப்பை மட்டும் மாற்றாதீர்கள். அது அவள் சம்பாதித்தது.