மூன்றாம் மாடி வரைக்கும்

நாடு கடத்தும் உத்தரவு கைக்கு வந்த செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலிலிருந்து, லிஃப்ட் மெக்கானிக் ஏறிய எந்த வண்டியும் நகரவில்லை. அன்று காலை அவர் ஏழாம் மாடியில் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கி வந்தார். மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்றது. அங்கே குடியிருக்கும் பல் டாக்டர் உள்ளே ஏறி, "அண்ணே, என் கதவுல இத ஒட்டிட்டுப் போயிருக்காங்க, உங்க பேரு போட்டிருக்கு" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். மெக்கானிக் முதல் இரண்டு வரியைப் படிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு லிஃப்ட் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. பதினேழு வருடம் லிஃப்டோடு மல்லுக்கட்டியவர் என்பதால் பையிலிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவர் கால் வெளியே வைத்ததும் லிஃப்ட் பல் டாக்டரைத் தூக்கிக்கொண்டு சமர்த்தாகக் கீழே போனது.

பிரேக் கோளாறு என்றுதான் அவர் முதலில் நினைத்தார். ஆனால் வேலைக்குப் போக ஏறிய பேருந்தும் நகரவில்லை. இன்ஜின் ஓடியது, சக்கரம் சுற்ற மாட்டேன் என்றது. எல்லோரும் இறங்கினார்கள், ஓட்டுநர் யாரையோ போனில் திட்டினார், பிறகு எல்லோரும் மறுபடி ஏறினார்கள். கூட்டத்தில் மெக்கானிக்குக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை, பேருந்து பறந்தது. மூன்றாவது பேருந்திலும் இதே கூத்து நடந்தபோது அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சந்தேகத்துக்கு ஒரு மிதிவண்டியில் உட்கார்ந்து பார்த்தார். மிதி அழுத்த அழுத்த அவர் முழங்கால்தான் வலித்தது.

உத்தரவில் இருந்தது இவ்வளவுதான். குடியிருப்பு அனுமதி விசாரணைக்கு அவர் வரவில்லை, ஆகவே அனுமதி ரத்து. பதினான்கு நாளுக்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் நாட்டைவிட்டு அனுப்பப்படுவார். அவருக்கு மட்டும்தான் இந்த உத்தரவு. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் மனைவிக்கும், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் அனுமதி அசையாமல் இருந்தது. ஒரே வீட்டில் மூன்று பேர், இரண்டு பேர் இருக்கலாம், ஒருவர் கூடாது. இதை எழுதியவன் எப்பேர்ப்பட்ட புத்திசாலியாக இருக்க வேண்டும்.

விசாரணைக்கு அழைத்த நோட்டீஸ் வரவே இல்லை என்பதுதான் மெக்கானிக்கின் கட்சி. அது ஏன் வரவில்லை என்று மனைவி கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் மூன்றாம் மாடியிலிருந்து ஏழாம் மாடிக்குக் குடி மாறினார்கள். மகளுக்கு ஒரு அறை கூடுதலாகக் கிடைத்தது. காலியான மூன்றாம் மாடி வீட்டுக்குத்தான் பல் டாக்டர் குடி வந்தார். கட்டில், பீரோ, சட்டிபானை எல்லாவற்றையும் அரை நாளில் லிஃப்டில் ஏற்றி முடித்துவிட்டார். வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரி மாற்றப் படிவம் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுக்கவில்லை. மற்றவர்களுக்கு அது வீடு மாறுவது. அவருக்கு அது மூன்றுக்குப் பதில் ஏழை அழுத்துவது.

"அதே வாசல், அதே லிஃப்ட். இதுல என்ன மாறிப்போச்சுன்னு படிவம் கொடுக்கச் சொல்ற?" என்றார்.

"நான் கேக்கலைங்க. அவங்க கேப்பாங்க" என்றாள் மனைவி.

இலவச சட்ட உதவி மையம் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. பேருந்தில் நாற்பது நிமிடம், நடந்தால் மூன்று மணி நேரம். நாளைக்கு இருபது டோக்கன், காலை ஒன்பது மணிக்குக் கொடுப்பார்கள். புதன்கிழமை அவர் வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது நாற்பது. டோக்கன் தீர்ந்துவிட்டது. வியாழக்கிழமை விடியுமுன் கிளம்பிப் பதினெட்டாம் டோக்கன் வாங்கினார். எள் விழ இடமில்லாத அந்த அறையில் பிற்பகல் மூன்று வரை ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றார். அவர் முறை வந்ததும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் காகிதத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "நாடு கடத்தல் கேஸ் திங்கட்கிழமை மட்டும்தான் சார். வெளிய போர்டு இருக்கே" என்றார். போர்டு இருந்தது. திறந்து வைத்த கதவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது. மெக்கானிக் கதவை இழுத்துச் சாத்தி, போர்டை எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்திவிட்டு நடந்தார். மறுநாள் அது மறுபடி கதவுக்குப் பின்னால் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டார்.

ஏழாம் நாள், திங்கட்கிழமை, வக்கீலைப் பார்த்தே விட்டார். ஐம்பது வயதுக்கார அம்மாள். ஒரு கண்ணாடி மூக்கில், ஒன்று தலையில். எதிர் நாற்காலியில் கோப்புகள் குவிந்திருந்ததால் மெக்கானிக் நின்றுகொண்டே பேசினார்.

"நோட்டீஸ் வரலைன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. நான் நம்புறேன், நீதிபதி நம்பணுமே. சாட்சி இருக்கா?"

"வராத கடிதத்துக்கு எங்க மேடம் போய் சாட்சி தேடுறது?"

"அத நீங்கதான் பாக்கணும். எனக்கு உங்கள மாதிரி நூத்திப் பதிமூணு பேரு." அவள் நாட்காட்டியைப் பார்த்தாள். "அடுத்த திங்கள்தான் உங்க கடைசி நாள். அன்னிக்கு ஏதாவது கொண்டு வாங்க, மனு போட்டுடலாம். மொதல்ல முகவரி மாத்துறதுக்குப் படிவம் கொடுங்க. இன்னிக்கே."

தயங்கித் தயங்கி அவர் வண்டி நகராத சங்கதியையும் சொன்னார். வக்கீல் பேனாவை மூடினாள். "அது மனுவில வேண்டாம் சார். அதுக்கு எந்தப் பிரிவும் கிடையாது." அவள் ஆச்சரியப்படக்கூட இல்லை. நூற்றுப் பதிமூன்று பேரில் இன்னும் என்னென்ன கேட்டிருப்பாளோ.

படிவத்தை அன்றே கொடுத்தார். அடுத்து தபால் நிலையம். அங்கே பதிவேட்டைப் பார்த்து, நோட்டீஸ் மூன்றாம் மாடியில் சேர்ப்பிக்கப்பட்டதாகவும், வாங்கிக்கொண்டவர் கையெழுத்து இருப்பதாகவும் சொன்னார்கள். தேடிப் போன சாட்சி அவருக்கே எதிராகத் திரும்பிவிட்டது. கையெழுத்து பல் டாக்டருடையது. டாக்டரோ, "ஒரு நாளைக்கு எத்தனையோ வாங்குறேன் அண்ணே, ஞாபகம் இல்லையே" என்று கையைப் பிசைந்தார். அவருக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை என்று அவர் நோயாளிகள் சொன்னார்கள். பல் பிடுங்கும்போதே மன்னிப்புக் கேட்டாராம்.

சனிக்கிழமை, ஏழு மாடி இறங்க முடியாமல் மெக்கானிக் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். இருப்பது இரண்டு நாள். எதிரே பல் டாக்டர் ஒரு கையில் பையும் மறு கையில் தபால் கட்டுமாக லிஃப்டுக்குள் ஏறினார். கட்டிலிருந்து ஒரு விளம்பரத் தாள் நழுவி, லிஃப்டுக்கும் வாசலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் விழுந்து மறைந்தது. டாக்டர் கவனிக்கவே இல்லை. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். பதினேழு வருடத்தில் அவர் எத்தனை லிஃப்ட் குழிகளைச் சுத்தம் செய்திருப்பார்! சாவி, தோடு, ஒரு தடவை முழு பல்செட். இந்த ஊரில் காணாமல் போவதில் பாதி லிஃப்ட் குழியில்தான் கிடக்கிறது என்று அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். சொந்தக் கட்டடத்துக் குழியைப் பற்றி மட்டும் பன்னிரண்டு நாளாகத் தோன்றவில்லை.

குழிக்குள் அவர் தனியாக இறங்கவில்லை. மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, குடியிருப்போர் சங்கச் செயலாளரையும் டாக்டரையும் கூட்டி வந்த பிறகே இறங்கவிட்டாள். புழுதிக்கு நடுவே ஒரு குழந்தைச் செருப்பு, இரண்டு கரண்டி, டாக்டரின் விளம்பரத் தாள், அதற்குக் கீழே அரசாங்க முத்திரையோடு ஒரு பழுப்பு உறை. பிரிக்கப்படவே இல்லை. மேலே மெக்கானிக்கின் பெயர், மூன்றாம் மாடி. மூன்று பேரும் எட்டிப் பார்க்க, செயலாளர் படம் எடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கியது தான்தான், உறை மெக்கானிக் கைக்குப் போகவே இல்லை என்று டாக்டர் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார்.

பதினான்காம் நாள் மாலை நான்கு நாற்பதுக்கு மனு தாக்கலானது. ஐந்து மணிக்குக் கதவு சாத்துகிற மேல்முறையீட்டு அலுவலகத்தில், கறுப்பு மையில் போட்ட கையெழுத்து செல்லாது, நீல மை வேண்டும் என்றார் எழுத்தர். வக்கீல் தன் பேனாவை மெக்கானிக் கையில் திணித்தாள். அவசரத்தில் கையெழுத்து வேறு யாருடையதோ போல வந்தது. எழுத்தர் மையின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

மனு போட்டது, நாடு கடத்துகிறவர்களை அழைத்துச் செல்லும் பிரிவுக்குத் தெரிய இன்னும் ஒன்பது நாள் பிடித்தது. ஆகவே பதினாறாம் நாள் காலை ஒரு வேன் வந்தது. இரண்டு அதிகாரிகள், மரியாதையான ஆட்கள். மகள் பள்ளிப் பையோடு வாசலில் நின்று, அப்பா வேனில் ஏறுவதைப் பார்த்தாள். அழுகையை அடக்க அவள் பையின் வாரைக் கடித்துக்கொண்டதை மெக்கானிக் சாகும்வரை மறக்க மாட்டார். வேன் உறுமியது. நகரவில்லை. இன்னொரு வேன் வரவழைத்தார்கள், பிறகு ஒரு லாரி. இழுத்துப் போக வந்த வண்டியில் கயிறு அறுந்தது. விமான நிலையம் வரை நடத்திக் கூட்டிப் போகலாமா என்று ஓர் அதிகாரி கேட்டார். விமானம் நகருமா என்று மற்றவர் திருப்பிக் கேட்டார். மாலை ஐந்தரைக்கு, 'ஒத்துழைத்தார்; வாகனக் கோளாறு' என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மறுவாரம் வக்கீல் இடைக்காலத் தடை வாங்கினாள்.

அதன் பிறகு நான்கு வருடம். வழக்கு பதினொரு தடவை ஒத்திவைக்கப்பட்டது. ஒரு தடவை நீதிபதி விடுமுறை, ஒரு தடவை கோப்பைக் காணோம், ஒரு தடவை அரசு வக்கீலுக்குப் பல் வலி. ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் நீதிமன்றத்துக்கு மூன்று மணி நேரம் நடந்து போய், ஐந்து மாடி படியேறி, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு நடந்து திரும்பினார். ஒன்பது ஜோடி செருப்பு தேய்ந்தது. வழியில் அவர் திட்டிய திட்டை எழுதினால் ஒரு புத்தகம் போதாது. லிஃப்ட் கம்பெனி முதலில் அவரை வேலையைவிட்டு எடுக்கப் பார்த்தது. பிறகு, லிஃப்ட் கூண்டின் மேல் ஆட்கள் வேலை செய்யும்போது உள்ளே இவர் நின்றால் அதைவிடப் பத்திரமான பூட்டு கிடையாது என்று கண்டுகொண்டது. சும்மா நிற்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். நாள் முழுக்க நகராத பெட்டிக்குள் நிற்கிறவனுக்குத்தான் அந்தச் சம்பளத்தின் கஷ்டம் தெரியும். முகவரி மாற்றப் படிவத்தை இதற்குள் ஏழு தடவை கொடுத்திருந்தார். ஏழு தடவையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அந்தப் பதில்களும் மூன்றாம் மாடிக்கே வந்தன.

பன்னிரண்டாவது தேதியில் நீதிபதி உறையைத் தன் கையாலேயே பிரித்தார். நோட்டீஸைப் படித்தார், டாக்டரின் வாக்குமூலத்தைப் படித்தார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. உத்தரவு ரத்து, குடியிருப்பு அனுமதி தொடரும் என்றார். நான்கு வருடத்துக்கு ஐந்து நிமிடம். மெக்கானிக்குக்கு மகிழ்ச்சிக்கு முன்னால் கோபம்தான் வந்தது. வக்கீல் இரண்டு கண்ணாடியையும் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கோப்பை எடுத்தாள்.

வீட்டுக்கு வரும் பேருந்து நகர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைகள் பின்னால் போவதைப் பார்த்து அவர் விம்மி அழுதார். பக்கத்து இருக்கைக்காரர் இறங்கும் இடம் தவறிவிட்டதோ என்று விசாரித்தார். மகளோடு பின் இருக்கையில் இருந்த மனைவி, "விடுங்க, அழட்டும்" என்றாள்.

வீட்டு லிஃப்டில் மூன்று பேரும் ஏறினார்கள். ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட மகள் ஏழை அழுத்தினாள். லிஃப்ட் கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது. கதவு திறந்துகொண்டது. மறுபடி ஏழை அழுத்தினார்கள். கதவு மூடித் திறந்தது. மகள் தீர்ப்பின் நகலைப் புரட்டி, அப்பாவின் பெயருக்குக் கீழே விரலை வைத்தாள். "அப்பா, இதுலயும் மூணாம் மாடின்னுதான் போட்டிருக்கு" என்றாள்.

மெக்கானிக் அதைப் பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தார். திட்டு எதுவும் மிச்சமில்லை.

"நாலு மாடிதானே. வாங்க" என்று மனைவி படியேறத் தொடங்கினாள்.

இப்போதும் அப்படித்தான். அவர் ஏறினால் லிஃப்ட் மூன்றாம் மாடி வரை போகும், கட்டடத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று பல் டாக்டர் தன் வாசலில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். மெக்கானிக் தினமும் மாலையில் அதில் ஐந்து நிமிடம் உட்காருவார். எட்டாவது படிவம் போய் ஒரு வருடம் ஆகிறது, பதில் வந்ததா என்று டாக்டரைக் கேட்பார். பிறகு மேலே தன் வீட்டுக்குப் படியேறிப் போவார்.