டிஸ்க்கில் எழுதுவது யார்

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, மருத்துவமனையின் இரண்டாம் மாடி சர்வர் அறையில், பில்களையெல்லாம் சேமிக்கும் டிஸ்க் தொண்ணூற்றெட்டு சதவீதம் வேலையில் இருந்தது.

அது இருக்கட்டும், வேலையில் இருப்பது குற்றமா, நாள் முழுக்க ஓடியும் திணறாத டிஸ்க்குகளை, இங்கே சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் அவள் பார்த்திருக்கிறாள்... பார்க்க வேண்டியது டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் வேலைகளின் வரிசையை, இரண்டு மூன்று நின்றால் சரி, இப்போது முப்பது நிற்கிறது, கீழே மருந்துக் கவுன்டரில் ஆட்களும் நிற்கிறார்கள். "மேடம், பில் வர்றதுக்குள்ள பேஷன்ட்டுக்குக் காய்ச்சலே விட்டுடும் போலிருக்கு" என்று மருந்தாளர் ஃபோனில் சொன்னார், சிரிக்காமல். முதுகுக்குப் பின்னால் மேலாளர், அவருக்கு ஒரு வார்த்தை போதும், டிஸ்க் தாங்கவில்லை என்று. "சொல்லிட்டீங்கன்னா இப்பவே நிறுத்தி மாத்திடலாம்." மாற்றலாம், சாயங்காலம் வரை கவுன்டரை மூடிவிட்டு, இன்சுலினுக்கு நிற்பவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு... சொல்ல மாட்டாள், உறுதியாகத் தெரியாமல் சொல்லவே மாட்டாள். "கொஞ்சம் பொறுங்க சார்." "வெள்ளிக்கிழமையிலேருந்து பொறுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

வெள்ளிக்கிழமை... அன்றுதான் முதல் புகார், அன்று வரிசையில் எட்டுதான், பிறகு ஏன் ஏறியது? மகளிடமிருந்து இன்னும் பதில் இல்லை, எழுந்தாளா, மாத்திரை போட்டாளா, விடுதியில் ஒருமுறை மயங்கி விழுந்தவள், கேட்காமல் எப்படி இருப்பது, "அம்மா, உனக்குப் பதில் சொல்லவே எனக்கு நேரம் சரியா இருக்கு" என்றாள் நேற்று, கோபமாகக்கூட இல்லை... சரி, இதைப் பார். டிஸ்க்கிலிருந்து படிப்பது வழக்கம்போலத்தான், அதில் எழுதுவதுதான் அதிகம். இவ்வளவையும் எழுதுவது யார்? திரையில் முதலிடத்தில் இருந்தது அவளுடைய கண்காணிப்பு புரோகிராம். வெள்ளிக்கிழமை புகார் வந்தபின் அவளே போட்டது, டிஸ்க் திணறுகிறதா என்று நொடிக்கு நொடி பார்த்து, பார்த்ததையெல்லாம் அதே டிஸ்க்கில் எழுதிவைப்பது.

புரோகிராமை நிறுத்தினாள். முப்பது இறங்கியது, பதினாறு, பிறகு எட்டு, அங்கேயே நின்றது. அந்த எட்டு முன்பே இருந்தது, அது பொய்யில்லை, ஆனால் எட்டோடு இது ராத்திரி வரை ஓடும், ஓடவைக்கலாம். "டிஸ்க் தானே?" என்றார் மேலாளர். "கொஞ்சம் டிஸ்க். மீதி நான் சார்." அவர் நெற்றியைச் சுருக்கினார். எட்டு மறுபடி ஏறினால் எப்படித் தெரியும், பார்க்காமல் எப்படித் தெரியும்... ஃபோனை எடுத்து, மாத்திரை என்று பாதி அடித்து, அழித்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

கவுன்டர் அன்று மூடப்படவில்லை. டிஸ்க்கை இரவில் மாற்றினார்கள்.