பழைய கேமராவுக்கு டிரைவர் இல்லை

கம்பெனியிலிருந்து மறுபடியும் அந்த மின்னஞ்சல் வந்து நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது, இனிமேல் தட்டிக் கழிக்க முடியாது என்று.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. அவர்கள் அவசரத்தில் பாதி வார்த்தையை மென்று விழுங்கினாலும் மீதியை ஊகித்துவிடுவாள்; அதில் அவளுக்கு நல்ல பெயர். வீட்டிலேயே உட்கார்ந்து செய்யலாம், யாருக்கும் சலாம் போட வேண்டியதில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த மாதத்தோடு வேலை அனுப்புவதை நிறுத்திவிடுவோம் என்று கறாராக எழுதியிருந்தார்கள். பழையதன் மேலேயே புதியதை ஏற்றிக்கொள்வதும் செல்லாதாம். நோயாளிகளின் அந்தரங்க விவரம் சம்பந்தப்பட்டது, டிஸ்கை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டுமாம்.

"நான் இதுல கை வச்சா இருக்கறதும் போயிடும்," என்று கணவர் முன்கூட்டியே நழுவிக்கொண்டார். லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ரெண்டே பட்டன். மேல போ, கீழ போ."

அவளே இறங்கினாள். வெளியில் செருகும் டிஸ்க் ஒன்றை எடுத்துவந்து, மாலை மாலையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். புகைப்படங்கள், வேலைக் கோப்புகள், தானே சேர்த்து வைத்திருந்த மருந்துப் பெயர் அகராதி, காலால் மிதித்து ஒலியை நிறுத்தி ஓட்டும் பெடலுக்கான மென்பொருள். புதிய சிஸ்டத்தை ஒரு பென் டிரைவில் இறக்கிக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் சமையலை முடித்துவிட்டு, பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள். டிஸ்கிலிருந்து எழாமல் பென் டிரைவிலிருந்து எழு என்று அதற்குச் சொல்ல வேண்டும். அதற்கான விசையை அழுத்தினாள்.

நீலத் திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்டது.

அவள் இதுவரை பார்த்தேயிராத கட்டம். அப்பாவின் பிறந்த வருடத்தைப் போட்டுப் பார்த்தாள். அம்மாவின் பெயரைப் போட்டாள். தம்பியின் பட்டப்பெயரான 'ஸ்க்ரூ'வைப் போட்டாள். சின்ன வயதில் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பான். மாட்டி முடித்ததும் எப்போதும் ஒரு ஸ்க்ரூ மிச்சமிருக்கும். அப்பா வைத்த பெயர் அது. கம்ப்யூட்டர் எதற்கும் மசியவில்லை.

"இந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக் கொடுத்த உன் தம்பியையே கேளேன்," என்றார் கணவர், செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

தம்பியோடு பேச்சு நின்று வருடக்கணக்கில் ஆகிவிட்டது. நிறுத்தியது அவள்தான்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபோது தம்பி கடல் தாண்டி வேலைக்குப் போய்விட்டிருந்தான். அவனுடைய குடியிருப்பு அனுமதி புதுப்பிப்பில் சிக்கியிருந்தது. இப்போது கிளம்பினால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள் என்றான். அவள் அப்போது ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவறையில் வேலை பார்த்தாள். காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, மதியச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு ஓடுவாள். பக்கத்து வீட்டம்மா நடுவில் எட்டிப் பார்த்துக்கொள்வார். மாலையில் வந்ததும் மறுபடி ஓட்டம். தம்பி அவளுடைய போனுக்குக் கூப்பிடுவான், 'அப்பா எப்படி இருக்கார்?' என்பான், அவள் சொல்லுவாள், அவ்வளவுதான். 'அப்பாகிட்ட குடு' என்று ஒரு நாளும் அவன் கேட்டதில்லை. அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

அப்பா போய், எல்லாம் முடிந்த மறுநாள்தான் தம்பி ஏதோ தற்காலிக அனுமதி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். கூடம் நிறைய உறவுக்காரர்கள். அத்தை, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றவனைப் பார்த்து அவள் கத்திவிட்டாள். "ஒரே ஒரு தடவை அவர் முகத்தைப் பாத்துப் பேசியிருப்பியா? நீயெல்லாம் ஒரு பிள்ளையா?" அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு மூடிக்கொண்டான். சித்தப்பா எழுந்து போய், "அவ கேக்கறதுக்குப் பதில் இல்லைல்ல? கிளம்பு. இனி என் முகத்துல முழிக்காத," என்றார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். யாரும் தடுக்கவில்லை.

கடைசியில் அவளே தம்பியின் எண்ணை அழுத்தினாள். போன் நெடுநேரம் அடித்தது. வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது எடுத்தான்.

"சொல்லு," என்றான். பின்னால் 'அக்கா' வரவில்லை.

"கம்ப்யூட்டர் விஷயமா..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை காலம் கழித்து வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுவா!

"ஓ, கம்ப்யூட்டரா," என்றான் அவன். மூச்சை விட்டான். "உன் நம்பரைப் பாத்ததும் பயந்துட்டேன். யாருக்கு என்னவோன்னு. மாமா நல்லா இருக்காரா?"

"இருக்கார். பேப்பர் படிக்கறார்."

விஷயத்தைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "பாஸ்வேர்டா? பாஸ்வேர்டுதான்," என்றான்.

"ஆமாடா, அதைத்தான் கேக்கறேன்."

"அதைத்தான் சொல்றேன். 'பாஸ்வேர்டு'ங்கற வார்த்தைதான் பாஸ்வேர்டு. எல்லாரும் பிறந்த நாள், பொண்டாட்டி பேருன்னு போட்டு மண்டைய உடைச்சுப்பாங்க, இது யாருக்கும் தோணாதுன்னு வச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. கட்டம் திறந்தது.

"இரு, இரு, அவசரப்பட்டு எதையும் அழுத்தாத," என்றான். குரலில் பழைய கம்ப்யூட்டர் டாக்டர் வந்து உட்கார்ந்துவிட்டான். "துடைச்சிட்டா அப்புறம் நீ என்ன அழுதாலும் திரும்பாது. பழைய சிஸ்டத்துக்கே ஒரு தடவை போய் எல்லாத்தையும் சரி பாத்துடலாம்."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவன் சொல்லச் சொல்லப் பார்த்தாள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை எடுத்தாயா? எடுக்கவில்லை, எடுத்தாள். எழுத்துருக்கள்? எடுத்தாள். புதிய சிஸ்டம் ஏறியதும் வைஃபை வேலை செய்யாமல் போகலாம், அதனால் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள், இல்லாவிட்டால் நெட்டும் இல்லாமல் டிரைவரும் இல்லாமல் நடுத்தெருவில் நிற்பாய் என்றான். ஸ்கேனர், பிரிண்டர், பெடல், ஒவ்வொரு கருவிக்கும் புதிய சிஸ்டத்தோடு பேச ஒரு டிரைவர் இருக்கிறதா என்று தேடினார்கள்.

"அந்த உருண்டைக் கேமரா இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

"மானிட்டர் தலைமேலதான் உக்காந்திருக்கு. தூசி படிஞ்சு."

"அதுக்குப் புதுசுல டிரைவர் கிடையாது. இப்பத்தான் தேடிப் பாத்தேன். செஞ்ச கம்பெனியே மூடியாச்சு. இனிமே அதைச் செருகினாலும் கம்ப்யூட்டருக்கு அது யாருன்னே தெரியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "போகட்டும். அப்பாவுக்கு அப்புறம் அதுக்கு என்ன வேலை?"

"அப்பாவுக்கா? அப்பா எப்போ அதுல..."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல யாராவது உன்கிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்," என்றான் மெதுவாக. "பக்கத்து வீட்டம்மாவுக்குத் தெரியுமே."

"என்ன சொல்லணும்?"

"நீ ஆபீஸ் போனப்புறம் மத்தியானத்துல நாங்க பேசுவோம். நான் கூப்பிட்டா அதுவா எடுக்கற மாதிரி வச்சிருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தலைய வாரிட்டு ரெடியா உக்காந்திருப்பார். எனக்கு இங்க விடிஞ்சிருக்காது. பேசுவோம்னா, பேசப் பழகுவோம். இங்க ஒரு தெரப்பிஸ்ட்டைக் கேட்டு பயிற்சியெல்லாம் எழுதி வாங்கி வச்சிருந்தேன். அ, ஆ, இ, ஈ. உதட்டைக் குவி, நாக்கை மடக்கு. கண்ணாடி முன்னாடி குரங்கு மாதிரி ரெண்டு பேரும்."

செய்தித்தாள் சரசரப்பது நின்றது. கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தினமுமா?" என்றாள்.

"பெரும்பாலும்."

"ஏன்டா என்கிட்ட சொல்லலை? ரெண்டு பேரும் சேர்ந்து ஏன் மறைச்சீங்க?"

"திட்டறேன்னு நினைக்காத."

"சொல்லு."

"நீ அவரைப் பேச விடமாட்டே, அக்கா."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் வாயைத் திறந்து முதல் எழுத்து வர்றதுக்குள்ள நீ மிச்சத்தைச் சொல்லி முடிச்சிடுவ. தண்ணியா? மாத்திரையா? டிவி போடணுமா? பாதிக்குப் பாதி சரியாத்தான் சொல்லுவ. தப்பா இருந்தாலும் அவர் தலைய ஆட்டிடுவாராம். பொண்ணு நாள் பூரா நின்னுட்டு வந்திருக்கா, இவளைப் போய் இன்னும் நிக்க வைக்கணுமான்னு. இதை எனக்குச் சொல்லி முடிக்கவே அவருக்கு ரெண்டு மத்தியானம் ஆச்சு. நல்லாப் பழகிட்டு ஒருநாள் உன் முன்னாடி முழுசா ஒண்ணு சொல்லிக் காட்டணும்னு இருந்தார். அதுவரைக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டார்."

"என்ன சொல்லணும்னு இருந்தார்?"

அவன் சிரித்தான், அழுகைக்குப் பக்கத்திலிருந்த சிரிப்பு. "டீயில சர்க்கரை போதலை."

"என்னது?"

"அதேதான். வேற ஒண்ணும் பெரிசா இல்லை. நீ சர்க்கரையைக் குறைச்சுட்டியாம், வாயில வைக்க முடியலையாம். டீயில, சர்க்கரை, போதலை. 'ச'தான் அவருக்குப் பேய் மாதிரி. வாரக்கணக்கா அதையே சொல்லிச் சொல்லி... ஒருநாள் எனக்குத் தெளிவாச் சொல்லிட்டார். இன்னைக்குச் சாயந்தரம் அவகிட்ட சொல்லப்போறேன்னு மேசையைத் தட்டினார். மறுநாள் என்னாச்சுப்பான்னு கேட்டேன். பதில் சொல்லாம சும்மா சிரிச்சார்."

அவளுக்கு அந்தச் சாயங்காலம் கண் முன்னால் வந்து நின்றது. வேலையிலிருந்து வந்து டீ போட்டுக் கொடுத்துவிட்டு, காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனாள். அப்பா டம்ளரை இடது கையால் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை. "டீ... டீ... ச... ச..." என்றார். "சட்டையா? டீ கொட்டிட்டீங்களா? இருங்க, இதோ," என்று அள்ளி வந்த துணியிலிருந்தே ஒரு சட்டையை உருவினாள். போட்டிருந்த சட்டை நனையவேயில்லை என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அப்பா ஒரு நொடி அவளையே பார்த்தார். பிறகு மாட்டிவிடுவதற்குத் தோதாக நல்ல கையைத் தூக்கிக் கொடுத்தார். பட்டன்களைப் போட்டுவிட்டு அவள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேச முயன்றதாக அவளுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அதைத் தம்பியிடம் சொன்னாள். சொல்லி முடிக்க நேரமாயிற்று. அவன் குறுக்கிடவில்லை.

"அன்னைக்கு வாசல்ல நின்னு நான் கத்தினப்பவாவது சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லத்தான் வந்தேன். உன் மூஞ்சியைப் பாத்தேன். அவரை உக்கார வச்சு, தூக்கி, துடைச்சு எல்லாம் பண்ணினவ நீ. உனக்குத் தெரியாம நாங்க ரெண்டு பேரும் பேசிட்டிருந்தோம்னு அந்த நேரத்துல எப்படிச் சொல்றது? நாலு நாள் போகட்டும்னு நினைச்சேன். அப்புறம் நீ போனை எடுக்கலை. அப்புறம் எனக்கும் கோபம் வந்துடுச்சு."

"மன்னிச்சுக்கோடா."

"விடு." பிறகு சொன்னான்: "அன்னைக்கு 'நீயெல்லாம் ஒரு பிள்ளையா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டே. இப்ப போன்ல நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கோம். குத்திக் காட்டலை அக்கா, தோணிச்சு, சொன்னேன். சரி, எல்லாம் எடுத்தாச்சு. துடைச்சிடலாம்."

மறுபடி பென் டிரைவிலிருந்து எழுப்பி, டிஸ்கின் பாகங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டது, ஆமாம் என்றாள். புதிய சிஸ்டம் ஏறிக்கொண்டிருக்கும்போது இருவரும் அவன் ஊர்க் குளிரைப் பற்றியும் மாமாவின் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார்கள். வைஃபை ஒழுங்காக எழுந்ததும் அவன் வைத்துவிட்டான்.

அன்று மாலையே அவள் அத்தைக்குப் போன் செய்தாள். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லாரிடமும்தான் போய்த் திருப்பி எடுக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள், சட்டை உட்பட.

அத்தை நெடுநேரம் மூக்கை உறிஞ்சினார். "இதைப் போன வருஷம் சொல்லியிருக்கக் கூடாதா? உன் சித்தப்பா இருக்கறப்போ?"

"போன வருஷம் எனக்கே தெரியாதே அத்தை."

"உன் தம்பி போன் பண்ணினான்டி. சித்தப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ. நான்தான் போனை எடுத்துட்டுப் போய்க் காதுகிட்ட வச்சேன். அந்தப் பிள்ளைகிட்ட எனக்குப் பேச்சு இல்லைன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டார். அது அவனுக்கும் கேட்டிருக்கும். அவர் என்ன பண்ணுவார், நீ சொன்னதைத்தானே நம்பினார்."

அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களையும் கூப்பிட்டாள். ஒருத்தி, "அப்படியா, பாவம்," என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள். இன்னொருவருக்கு அன்று வாசலில் அப்படி ஒன்று நடந்ததே ஞாபகமில்லை. தூங்காமல் பயணம் செய்து வந்திருந்தாராம். சித்தப்பாவின் மகளைக் கடைசிக்குத் தள்ளிப்போட்டுத்தான் கூப்பிட்டாள். மகள் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, வச்சிடறேன்," என்றாள்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் தம்பியைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் வேகமாக ஓடுகிறது என்றாள். கம்பெனியிலிருந்து வேலை வரத் தொடங்கிவிட்டது என்றாள். பிறகு, எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்றாள்.

"சித்தப்பா பொண்ணுகிட்டயுமா?"

"அவகிட்டயும்."

அவன் பக்கம் ஏதோ வண்டி போகும் சத்தம் வந்து தேய்ந்தது. அவள் ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்காமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தது சித்தப்பாதான்," என்றான் கடைசியில். "பின்னாடியே பிடிச்சுட்டு ஓடி வருவார்."

"ம்."

"சரிக்கா. வேலைக்குக் கிளம்பணும்," என்று வைத்துவிட்டான்.