மூன்று கார்டு, ஒரு பாட்டு

எனக்குப் பொறுமை கிடையாது. சோறு வேகும்வரைகூட அடுப்பருகே நிற்க மாட்டேன். அப்படிப்பட்ட நான்தான் மாதா கோயிலில் கிட்டார் வாசிக்கிறேன் என்று வாயை விட்டேன்.

வாசித்துக்கொண்டிருந்த சிரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இனி ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்றார் உபதேசியார் மார்க். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"கிட்டார குடுங்க, நான் பாத்துக்குறேன்."

"மாசக் கடைசி ஞாயிறு வரைக்கும் பாப்போம் எலைன். சரி வரலன்னா ஸ்பீக்கர்தான் லா."

தேயிலை எஸ்டேட்டில் நான் செய்த வேலையெல்லாம் யாரோ தந்தது. நானாகக் கேட்டு வாங்கியது இது ஒன்றுதான். அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

பகலெல்லாம் கொழுந்து வெட்டும் மிஷினின் ஒரு முனையைப் பிடித்து நடப்பேன். வீட்டுக்கு வந்தும் கை உதறல் நிற்காது. அந்தக் கையோடு போனில் வீடியோ பார்த்து ஜி, சி, டி என்று, விரல்களைச் சேர்த்து அழுத்தும் மூன்று கார்டு கற்றேன். எல்லாம் ஒரே பாட்டை வைத்துத்தான். ஜி-யிலிருந்து சி-க்கு விரல் மாறுவதற்குள் பாட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடும். கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு வாசல்வரை நடப்பேன். உடனே திரும்பி வந்து எடுப்பேன். காலையில் வேலைக்கு ஏற்றிப்போகும் லோரிக்கு நிற்கும்போதும் இடது கை விரல்கள் சும்மா இருக்காது.

அந்த ஞாயிறும் வந்தது. எங்கள் கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் பார்பரா அத்தை. வாத்தியம்தான் அவர் பின்னால் போக வேண்டும். வீட்டில் தனியாகவே பழகியதில் இதை நான் அடியோடு மறந்திருந்தேன். அத்தை தன் தொண்டைக்கு வாகான சுருதியில் தொடங்கினார். நான் ஜி அடித்தேன். இரண்டும் நாயும் பூனையுமாக இருந்தன. பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. மார்க் ஸ்பீக்கர் பையைத் திறந்தார்.

அத்தை பாட்டை நிறுத்தினார்.

"என்னம்மா, எங்க நிக்குற?"

"இங்கதான் அத்தே." ஜி-யை இன்னொரு முறை அடித்தேன். "எனக்கு வேற எடம் தெரியாது."

அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு அங்கிருந்தே தொடங்கினார். அவருக்கு அது ரொம்பத் தாழ்வு, குரல் கரகரத்தது. எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நான் சி-க்கு மாற வேண்டிய இடத்தில், என் விரல் வந்து சேரும்வரை கோயிலே அந்தச் சொல்லை இழுத்துக்கொண்டு நின்றது.

பாட்டு முடிந்தது. மார்க் இன்னும் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"காணிக்கைப் பாட்டு வாசிப்பியா?"

"தெரியாது. இந்த ஒண்ணுதான்."

பார்பரா அத்தை அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"அப்ப அதையே பாடலாம் லா," என்று மறுபடியும் எடுத்தார்.