சனிக்கிழமை இருநூறு

மாலதி எழுதுவதை மனிதர்கள் யாரும் படிப்பதில்லை. மும்பை செம்பூரில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி, குடும்ப வரவு செலவுக்கு ஓர் ஆப் செய்கிறது. இனி அதில் ஆட்களே கணக்கைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏஐ ஏஜென்ட்டே கணக்கைப் பார்த்து வீட்டுக்காரருக்கு யோசனை சொல்லும். அந்த ஏஜென்ட் படிப்பதற்கான கையேட்டை எழுதுவதுதான் மாலதியின் வேலை. மனிதன் என்றால் பாதியைப் படிக்காமல் விட்டுவிடுவான். இது எழுதினதை எழுதினபடி செய்யும். அதில் அவளுக்குப் பெருமை கொஞ்சம் கூடுதல்.

அந்தக் கையேட்டில் எல்லோரும் மெச்சிய பகுதி ஒன்று உண்டு. 'ஒரே கடைக்கு, ஒரே நாளில், சில நிமிட இடைவெளியில் இரண்டாவதாக நூறு, இருநூறு என ஒரு முழுத்தொகை வாராவாரம் போனால் அது செலவல்ல. கடைக்காரரிடம் சேர்த்து வைக்கும் பணம். சேமிப்பில் காட்டு, குடும்பத்துக்குத் தெரிவி.'

"பிரமாதம் மாலதி! எங்கேர்ந்து புடிச்சேள் இதை?" என்றார் மேலாளர் வெங்கடராமன். அவர் வசதியான மாட்டுங்காவில் வளர்ந்தவர். பெண்கள் புருஷனுக்குத் தெரியாமல் சேர்க்கும் சிறுவாடு அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எங்கிருந்து பிடித்தாள்? பேராச்சியிடமிருந்துதான். தாராவியில் ஒரே லைனில், அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் இருவரும். பேராச்சி இன்னமும் அங்கேதான் இருக்கிறாள். புருஷன் நயினாருக்குத் தோல் பை தைக்கும் கார்கானாவில் வேலை. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது பேராச்சி சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள்.

"இப்ப காச எங்கட்டி கண்ணுல பாக்கோம்? எல்லாம் அவரு அக்கவுண்டுலருந்து போன்லயே போயிருது. அரிசிப் பானைக்குள்ள எதப் போட்டு ஒளிக்க? அதான் சனிக்கெழம சாமான் வாங்கி ஸ்கேன் அடிச்சிட்டு, பத்து நிமிசம் கழிச்சி இன்னொரு எரநூறு அடிப்பேன். பிரம்மநாயகம் அண்ணாச்சி தனியா குறிச்சி வச்சிக்கிடுவாரு. அந்தாளுக்கு எல்லாமே கடைச் செலவுதான்!"

மாலதியும் சேர்ந்து சிரித்தாள். திரும்பி வரும்போது ரயிலிலேயே போனில் குறித்துக்கொண்டாள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று அப்போது தோன்றவில்லை. நல்ல உதாரணம் கிடைத்தது என்றுதான் தோன்றியது.

ஆப் எத்தனையோ பேரிடம் போனது. நயினாரிடமும் போனது. ஒரு ஞாயிறு காலையில் அவன் போனில் செய்தி வந்தது: 'வாழ்த்துகள்! உங்கள் குடும்பத்துக்கு முப்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய் சேமிப்பு இருக்கிறது.' கடை பெயரும் இருந்தது.

நயினார் கெட்டவனில்லை. எம் பொண்டாட்டி கெட்டிக்காரி என்று லைன் முழுக்கச் சொல்லி, லட்டு வாங்கிக் கொடுத்து, அண்ணாச்சியிடம் பணத்தை வாங்கிக்கொண்டு நேரே போய் ஒரு பைக்குக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தான். அது மகள் சாதனாவை நர்சிங்கில் சேர்க்க மூன்று வருஷமாகச் சேர்த்த பணம். பொட்டப்பிள்ளைக்குப் படித்தது போதும் என்று அவன் சொல்லியிருந்ததால்தான் அது கடையில் இருந்தது. பீஸ் கட்ட இன்னும் ஐந்து நாள்.

பேராச்சி போனில் அழுதாள். "நீ கம்ப்யூட்டர்ல இருக்கியேட்டி, அதுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சி? அண்ணாச்சி சொல்லல, நானும் சொல்லல."

பார்க்கிறேன் என்று சொல்லி மாலதி போனை வைத்துவிட்டாள். மறுநாள் அந்தப் பகுதியை நீக்கினாள். மதியத்துக்குள் வெங்கடராமன் திரும்பச் சேர்த்துவிட்டார்; வாடிக்கையாளர்களுக்குப் பிடித்த பகுதியாம். அவள் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும். வெட்கக்கேடு, சம்பளத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் தன் கணக்கிலிருந்து முப்பத்தோராயிரத்து இருநூறை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனாள். நயினார் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. கவரைக் கொடுத்து, "சாதனா பீஸுக்கு வச்சுக்கோ. திருப்பித் தர வேண்டாம்" என்றாள். கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு கணக்கு.

பேராச்சி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கூடப்பொறந்தவகூட செய்ய மாட்டாட்டி. ஒன்னப் போல யாரு இருக்கா எனக்கு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. கையை உருவிக்கொண்டாள்.

"அதுக்குச் சொல்லிக் கொடுத்தது நாந்தான் பேராச்சி. நீ தீவாளிக்குச் சொன்னத அப்பிடியே எழுதிக் கொடுத்தேன். ஆபீஸ்ல பாராட்டுனாங்க."

கவரைத் திருப்பித் தரப்போகிறாள் என்று மாலதி நினைத்தாள். பேராச்சி பணத்தை எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பிள்ளை படிக்கணும், வாங்கிக்கிடுதேன். இந்த லைன்ல பதினோரு பொம்பளையோ அண்ணாச்சிட்ட போட்டு வச்சிருந்தோம். புருசன் போனுக்கும் செய்தி வந்துருமேன்னு நேத்து அத்தன பேரும் எடுத்துட்டாளுவ. எங்க கொண்டு வைக்கன்னு ஒருத்திக்கும் தெரியல."

"நான் எழுதுன அந்தப் பகுதிய எப்பிடியாவது நீக்க வைக்கிறேன். இப்ப நீங்க எங்க வைக்கப்..."

பேச்சைப் பாதியிலேயே நிறுத்தினாள் மாலதி. பேராச்சி எழுந்துபோய்க் கதவைத் திறந்துவைத்தாள்.

"இனிமே எங்கிட்ட ஒண்ணும் கேக்காத மாலதி. நீ கேட்டா எனக்குச் சொல்லிரத்தான் தோணும்."